ருவான்வெல்லையில் ஐம்பது லீற்றர் கடல்

இறப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெட்டிய பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் வாளியிலேயே உறைந்துவிடாமலிருக்கக் கலக்கிற திரவம் அது. மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். ருவான்வெல்லைப் பக்கத்தில் உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் நினைவில் வைக்க வேண்டியதும் அதைத்தான். தொட்டியில் அது மணக்காது, நிறமும் காட்டாது. மீன் தின்ற இரை செவுள் வழியே அமோனியாவாக வெளியேறும். தின்னாமல் விட்ட இரையும் அழுகி அதையே தரும். கடலில் இதைக் கரைத்துவிட எவ்வளவோ நீர் உண்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லீற்றர்தான். கல்லும் மணலும் போகக் கணக்குக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்வோம்.

நன்னீரில் கப்பி மீன் வளர்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். எங்கள் ஓடை நீரின் பீஎச் 7 ஐ ஒட்டி இருக்கும். கடல்நீரில் அது 8.2 அளவு. பீஎச் ஒரு புள்ளி ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகும். கப்பித் தொட்டியில் மன்னிக்கப்படுகிற சோம்பலுக்கு உப்புத் தொட்டியில் மன்னிப்பில்லை.

முதலில் உப்பைப் பார்ப்போம். ருவான்வெல்லையிலிருந்து கொழும்புக் கடற்கரைக்கு வீதியால் அறுபது கிலோமீற்றருக்குக் குறையாது. கண்டி இராச்சியத்துக்கு உப்பு கரையோரத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது; களனி ஆற்றில் ஏறிவந்த படகுகள் சரக்கிறக்கிய ஊர் இது. இன்று வானில் கான் ஏற்றிக் கடல்நீரையே கொண்டுவரலாமே என்று தோன்றும். ஆனால் நம் ஊர் மழை முழுவதும் களனி வழியே முகத்துவாரத்தில்தான் கடலில் விழுகிறது. அந்தக் கரையில் மொண்டால் பாதி நன்னீரும் மீதி நகரத்தின் கழிவுமாகத்தான் இருக்கும். ஆகவே கரைத்துக் கொள்வதே பாதுகாப்பு.

எதைக் கரைப்பது? கடைச் சாப்பாட்டு உப்பு உதவாது. அதற்குக் காரணம் ஆனையிறவு, புத்தளம் போன்ற உப்பளங்களில் இருக்கிறது. கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலில் கல்சியம் உப்புகள் அடியில் படிகின்றன. பிறகு சோடியம் குளோரைட்டு பளிங்காகிறது. மகனீசியமும் பொற்றாசியமும் கசப்பு நீரில் தங்கி வடித்து விடப்படுகின்றன. நம் நாக்குக்கு நல்லதாக்கப்பட்ட உப்பு என்பது கடலிலிருந்து மற்றவற்றைக் கழித்த உப்பு. அயடீன் வேறு சேர்க்கிறார்கள். கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் மகனீசியம் மட்டும் 1.3 கிராம் அளவு, கல்சியம் 0.4 கிராம். இந்த அளவுகள் இல்லாமல் நண்டுக்கு ஓடு கட்டாது. 1850களில் இங்கிலாந்தில் ஃபிலிப் கொஸ் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்தார். இன்று மீன் கடைகளில் கிடைக்கும் கடலுப்புப் பொதி அதன் வளர்ந்த வடிவம். ஐம்பது லீற்றருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைய எடுக்கும். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி.

கரைக்கும் நீர் நம்மிடம் தாராளம். வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் நீரைப் பணம் கொடுத்து வடிகட்டுவானேன்? ஆனால் துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து வடிந்த நீர் வேண்டாம். இறப்பர் சீட்டுக்குப் புகை போடும் கூடம் பக்கத்தில் இருந்தால் கூரையெல்லாம் கரி. முற்றத்தில் வாளியை வைத்து, பெருமழையின் முதல் அரைமணியை விட்டுவிட்டுப் பிடியுங்கள். குழாய் நீர் என்றால் குளோரீன் நீக்கி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனித்தான் பொறுமை. நான் என் முதல் தொட்டியில் மூன்றாம் நாளே மீன் விட்டேன். ஆறாம் நாள் தொட்டி மறுபடி காலி. மீன் விற்றவர் உப்பைக் குறை சொன்னார். உப்பு நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் அமோனியாவைத் தின்ன ஒருவரும் இல்லை.

நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். இவற்றை 1890 அளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி. மண்ணிலும் ஓடையிலும் இறப்பர் ஆலைக் கழிவுநீர்க் குளத்திலும் இந்த வேலைதான் நடக்கிறது. நூறாண்டுக்கு மேலாக முதல் கூட்டம் என்றால் பற்றீரியா என்றே எல்லோரும் எழுதினோம். 2005 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத் தொட்டி ஒன்றின் சரளையிலிருந்து, பற்றீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற இன்னொரு பெருங்குலத்து உயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அமோனியாவை எரித்து வாழும் அதற்கு நைட்ரோசோபியூமிலஸ் மரிட்டிமஸ் என்று பெயர். அதன் இனத்தவர் கடல் முழுவதும் பரந்திருக்கின்றனர் என்பது பிறகு தெரிந்தது. பெருங்கடலின் ஒரு முக்கிய குடிமகனை விஞ்ஞானிகள் மீன்தொட்டிச் சரளையில் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம் உண்டு.

இந்தக் கூட்டத்தைக் குடியேற்றுவதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் ‘சைக்கிள் பண்ணுவது’ என்கிறார்கள். தயிர் உறைவதைப் போலத்தான், ஆனால் ஓர் இரவில் முடியாது. தயிர்க் கிருமி மணித்தியாலத்துக்குள் இரட்டிக்கும். இவற்றுக்குப் பல மணித்தியாலம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். நான்கு முதல் ஆறு வாரம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது. நன்றாக ஓடும் உப்புத் தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அதுவே உறைமோர், நாட்கள் குறையும். கப்பித் தொட்டிப் பஞ்சு உப்பில் பெரிதாக உதவாது.

உறை ஊற்றியாயிற்று, பால் வேண்டுமே. முன்பு டாம்செல் மீனைப் பலியாட்டைப் போல விடுவார்கள். அதை இன்றும் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். விரலளவு பச்சை இறாலை ஒரு துணியில் கட்டிப் போட்டால் போதும், அது அழுகும்போது அமோனியா வரும். சுத்தமான அமோனியாக் கரைசலைத் துளித்துளியாக விடுகிறவர்களும் உண்டு. ஆனால் பால் ஸ்டோரிலிருந்து போத்தலில் ஊற்றி வாங்கிவந்தது என்ன செறிவு, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் தொடவேண்டாம். இறால்தான் எங்கள் ஊருக்குச் சரி.

டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி இரண்டு நாளுக்கொருமுறை பாருங்கள். முதலில் அமோனியா ஏறும், பின்பு அது விழ நைத்திரைற்று ஏறும், அதுவும் விழ நைத்திரேற்று மட்டும் மிஞ்சும். நன்னீர் மீனைக் கொல்கிற நைத்திரைற்று கடல்நீரில் அவ்வளவு பயங்கரமல்ல; குளோரைட்டு அதைச் செவுளுக்குள் நுழைய விடாமல் நெருக்குகிறது. ஆனாலும் அது பூச்சியமாகும் வரை பொறுங்கள். இந்த நாட்களில் கண்ணாடியில் கபில நிறத்தில் ஒரு படிவு வரும். மணலில் இருந்து கரையும் சிலிக்கேற்றை உண்ணும் தயாற்றம் என்ற நுண்பாசி அது. பயந்து எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை நான் அறிவேன்.

அமோனியா தின்னும் இந்த உயிர்களுக்கு ஒட்சிசன் வேண்டும். உப்புநீரில் அது நன்னீரை விட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகவே கரையும். சூடேறினால் இன்னும் குறையும். 1840களில் பவளங்களை இலண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்த அன்னா தைன் என்ற பெண்மணி, திறந்த யன்னலோரம் வேலைக்காரியைக் கொண்டு கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றவைத்தார். நாம் தேநீர் ஆற்றுவது போலத்தான். நமக்கு அந்த வேலையை எயார் பம்ப் செய்கிறது, மின்சாரம் இருக்கும் வரை. 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் வெளிச்சமில்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஆவியாவது நீர்தான், உப்பு இல்லை. ஐந்து லீற்றர் வற்றினால் லீற்றருக்கு 35 கிராம் இருந்தது 39 ஐத் தொடும். ஆகவே குறைந்ததை மழைநீரால் நிரப்புங்கள், உப்பு நீரால் அல்ல.

முருகைக்கல் பற்றி ஒரு வார்த்தை. உயிருள்ள கல் வைத்தால் நுண்ணுயிர் கூடவே வரும் என்று 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவின் லீ சின் எங் எழுதினார். உண்மைதான். ஆனால் இலங்கைக் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது 1988 முதல் சட்டவிரோதம். சுண்ணாம்புச் சூளைகளுக்காகத் தோண்டியதில் தென்மேற்குக் கரை பட்டது போதும். பீங்கான் வளையமும் பஞ்சும் போதிய இடம் தரும். மீனிலும் இதே எண்ணம் எனக்கு. கோமாளி மீனைத் தொட்டியில் பொரிக்கவைத்து வளர்க்கலாம்; தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதைச் செய்து காட்டியது. பொரித்து வளர்த்த ஒன்றைத் தேடி வாங்கினால், அது கடலில் வலையில் பிடிபட்டு வந்த மீனைவிட நன்றாகவே தின்னும். ஐம்பது லீற்றருக்கு ஒரு சோடி போதும்.

வாரம் ஐந்து லீற்றர் மாற்றிவிட்டு அந்த உப்பு நீரை எங்கே கொட்டுவது? கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டினால் மரம் போய்விடும். ஓடையில் வேண்டவே வேண்டாம். 1929 இல் பி.ஈ.பி. தெரணியகல விவரித்த லே தித்தயா என்ற சிறுமீன் களனிப் படுகையின் இத்தகைய நிழலோடைகளில்தான் இருக்கிறது. 1991 இல் பெயரிடப்பட்ட பந்துல பெத்தியா இதே கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடச் சிற்றோடை மீன். உலகத்து வளர்ப்போர் தேடுகிற மீன்கள் வாசலில் ஓடுகையில் நாம் கடலைக் கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று மனைவி சொன்னது சரிதான். அந்த வாளி கழிவறையில் போகட்டும்.