பிடி பிசகாத பளு

மாதச் சந்தா கட்ட வசதியில்லாத இளைஞர்கள் மொட்டைமாடியிலும், மாடுகளை விற்றபின் வெறுமையாகக் கிடக்கும் தொழுவங்களிலும் தாங்களே சாதனங்களைச் செய்துவைத்துக்கொண்டு தேகாப்பியாசம் பழகுவதைப் பற்றிச் சுவையாக எழுதித் தரவேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. சிக்கனத்தைப் பற்றி எழுதுவது சுலபம். வாசகர்களும் விரும்பிப் படிப்பார்கள். ஆயினும், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் அத்தகைய சாதனங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சிக்கனத்தைவிட வேறொரு விஷயமே என் மனத்தை ஆக்கிரமித்துக்கொண்டது. பளுவைச் சம்பாதிப்பதில் நம் பிள்ளைகள் காட்டும் சாமர்த்தியத்தில் காற்பங்கைக்கூட, அப்பளுவைக் கையோடு சேர்த்துவைக்கும் மூட்டிலும் கொக்கியிலும் பற்றவைப்பிலும் அவர்கள் காட்டுவதில்லை.

பளு என்பது உலகில் மிக மலிவான சரக்கு. இறுகிய காங்கிரீட் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரைக் கிலோ கனக்கும். ஆகவே வெள்ளையடித்து மிச்சமான நாலு லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நிரப்பினால் ஒன்பதரைக் கிலோ, பத்து லிட்டர் வாளியானால் இருபத்துநாலு கிலோ என்று தராசு இல்லாமலே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரும்புக் கம்பிக்கும் கட்டடத் தொழிலாளர்கள் கைவசம் ஒரு சூத்திரம் உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 25 மில்லிமீட்டர் கம்பி இக்கணக்கின்படி மீட்டருக்கு 3.86 கிலோ. சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, பொடி ஜல்லி மூன்று பங்கு என்று கலந்து வாளியில் கொட்டி, நடுவே குழாயைச் செருகி நிறுத்திவிட்டால் முக்கால் வேலை முடிந்ததாக எண்ணுகிறார்கள்.

முடிவதில்லை என்பதே என் கட்சி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வழவழப்பானது, காங்கிரீட்டோ உலரும்போது சிறிது சுருங்கும் இயல்புடையது. கட்டடக் கம்பியின் மேல் வரிவரியாகப் புடைப்பு வைத்திருப்பது அழகுக்காக அன்று. காங்கிரீட் அதைப் பற்றிக்கொள்ள வேண்டுமென்பதற்காக. ராஜபாளையத்து மாடி ஒன்றில் நான் பார்த்த பளுக்கோல், தூக்கி இறக்கும் ஒவ்வொரு தடவையும் ‘கடக்’கென்று ஒரு சப்தம் செய்தது. குனிந்து பார்த்தால், குழாய் காங்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் நகம் போகிற அளவுக்கு ஓர் இடைவெளி. சுற்றிலும் மாவுபோல் உதிர்ந்த சிமெண்டுத் தூள். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிய பிள்ளைக்கு அந்தச் சப்தம் பழகிப்போயிருந்தது. குழாயின் முனையில் குறுக்காகத் துளையிட்டு இரண்டு நீண்ட போல்ட்டுகளை மாட்டி, அதன்பின் வாளியில் நிறுத்தியிருந்தால் இந்த அபாயம் இல்லை. ஏழு நாளாவது ஈரச்சாக்குச் சுற்றி நீர் தெளித்து வரவேண்டும். காங்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில் சோதிப்பதே வழக்கம் என்பதை அறிந்தவர்களும், மூன்றாம் நாளே தூக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கமாட்டாமல் கெடுத்துவிடுகிறார்கள்.

நம் முன்னோர் பயன்படுத்திய சாதனங்களை எண்ணிப் பார்க்கும்போது, அவற்றின் விசேஷம் இதே இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் வாசலிலும் மந்தையிலும் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் இளவட்டக்கல்லுக்குப் பிடி கிடையாது, மூட்டு கிடையாது, கழன்று விழுவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரு கைகளாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, மார்பில் சாய்த்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்புறமாகப் போடவேண்டும். வசப்படாவிட்டால் எந்தக் கட்டத்திலும் முன்னால் நழுவவிட்டுக் காலை விலக்கிக்கொள்ளலாம். கர்லாக்கட்டையும் அப்படியே. கருவேலத்திலோ புளியமரத்திலோ ஒரே துண்டாகக் கடைந்தெடுப்பதால் காம்பு வேறு, கட்டை வேறு என்ற பேதமே அதில் இல்லை. தலையைச் சுற்றி வேகமாகச் சுழற்றுகிற ஒரு பொருளில் ஒட்டு இருக்கலாகாது என்று கண்டுகொண்ட தச்சன் பெரிய மேதைதான். இந்நாட்டிலிருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கற்றுத் தம் தேசத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பினர். 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

ஆகையால், வீட்டிலேயே கூடம் அமைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை, கையிலிருக்கும் சொற்பப் பணத்தைப் பளுவுக்காகச் செலவிடாமல் தொழிலாளியின் கூலிக்காகச் செலவிடுங்கள் என்பதே. பஞ்சாலைகளைச் சார்ந்து வளர்ந்த ராஜபாளையத்தில் லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் குறைவில்லை. அங்கே போய்க் கேட்கிற முறையும் ஒன்றுண்டு. புள்ளிப் புள்ளியாகப் பிடித்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், பார்வைக்கு முழுப் பற்றவைப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எனவே பெயிண்ட் அடிக்குமுன் சுற்றிவரப் பார்த்துவிட வேண்டும். ஜி.ஐ. குழாயானால் கிரைண்டரால் மேல்பூச்சை நீக்கியபின்பே பற்றவைக்கச் சொல்லவேண்டும். துத்தநாகம் இருந்தால் பற்று சரியாக விழாது என்பதோடு, அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் காண்பதும் உண்டு. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க இன்னொருவனுக்குக் காய்ச்சலை வாங்கித் தருவது எந்த ஊர்ச் சிக்கனம்?

குத்துச்சண்டைப் பைக்கு இப்பிரதேசத்தில் கிடைக்கும் சௌகரியம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. மணலை நிரப்பினால் அடியில் இறங்கிப் பாறையாகி மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். ஆலைக் கழிவுப் பஞ்சையும் கிழிந்த துணியையும் அடுக்கடுக்காகத் திணித்தால் பை மெத்தென்றும் கனமாகவும் அமையும். ஆனால் அதைத் தொங்கவிடும் இடம்? காங்கிரீட் போடும்போதே உள்கம்பியோடு கட்டிய கொக்கி வேறு, பிற்பாடு துளைபோட்டு அடித்த போல்ட் வேறு. மரக்கட்டை பாவிச் செங்கல் அடுக்கிய பழைய மச்சுகளில், வெளியே திடமாகத் தெரியும் உத்தரம் உள்ளே கறையான் அரித்திருப்பதும் சகஜம். கதவு நிலையில் அடித்த கம்பியில் தொங்கி எழுகிறவர்கள், அந்த நிலையைச் சுவரோடு பிடித்து நிற்பவை சில இரும்புப் பட்டைகளே என்பதை நினைப்பதில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்போன ஊராதலால், அடிபட்டபின் துணிக்கு அலையவேண்டாம் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்!

கடைச் சாமான்களே உத்தமம் என்று சொல்வோரும் உண்டு. சோதித்து விற்கப்படும் பொருளுக்கு ஒரு நம்பகம் இருப்பது மெய்தான். சாதனமே வேண்டாம், தண்டாலும் பஸ்கியும் போதும் என்பது வேறு சிலரது அபிப்பிராயம். ஸ்ரீவில்லிபுத்தூரில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்காக அடுப்பருகே நின்று மணிக்கணக்கில் பாலைக் கிளறுகிறவரின் முன்கையைப் பார்த்தால் அதுவும் சரியென்றே தோன்றும். எனினும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் கையால் செய்த ஒன்றைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை யார் சொல்லித் தடுத்துவிட முடியும்?

தடுக்கவேண்டாம். கம்பியில் நீங்கள் தொங்குவதற்குமுன், உங்கள் எடையைப்போல் இருமடங்கு மணலை மூட்டைகளாகக் கட்டி, கீழே யாரும் படுக்காத இடமாகப் பார்த்து, ஓரிரவு தொங்கவிட்டு வையுங்கள். எழும்பித் தாவும்போது கம்பிக்கு ஏறும் சுமை உடல் எடையினும் அதிகம். காலையில் பற்றவைத்த இடத்தில் பெயிண்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தாலும் அதைக் கழற்றிப் பட்டறைக்கே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.