பூட்டிக் கிடக்கும் குரல்கள்

பாட்டனார் குரலைப் பதிந்த பழைய ஒலிக்கோப்பு இன்றைய கணினியில் ஒலிக்காவிடில், அது அழிந்துவிட்டது என எண்ண வேண்டா.

சோனி நிறுவனத்தின் பழைய குரற்பதிவுக் கருவிகள் சில, ஒலியைச் சுருக்கி, 'எம்.எஸ்.வி.', 'டி.வி.எஃப்.' என்னும் தமக்கே உரிய வடிவங்களில் சேமித்தன. கோப்பின் பெயரை மாற்றுவதால் வடிவம் மாறாது. பானைமேல் எழுதிய பெயரை மாற்றினால் உள்ளிருக்கும் அரிசி பருப்பாகுமோ?

அந்நிறுவனம் வழங்கிய 'டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர்' என்னும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, 1991இல் உருவான 'வேவ்' வடிவில் சேமித்தல் வேண்டும். ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் அவ்வடிவை ஒலிக்கச் செய்யும். மாற்றியபின் முழுதும் கேட்டுச் சரிபார்த்தல் நன்று, மூலக்கோப்பையும் அழித்தலாகாது.

பழைய மென்பொருள் புதிய கணினிகளில் இயங்காது போகக்கூடும். ஆகவே, காலந்தாழ்த்தாது மாற்றி, முன்னோர் குரலைப் பின்னோரும் கேட்க வழிசெய்வோமாக!