ஆங்கிலத்தில் துணைவினைகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் பலர், 'அவன் போனானா?' என்னும் வினாவை ஆங்கிலத்தில் அமைக்கும்போது, 'டிட் ஹி வென்ட்?' என்று கூறிவிடுவர். 'டிட் ஹி கோ?' என்பதே சரியான வடிவம். போனது இறந்த காலமாயிற்றே, 'வென்ட்' ஏன் வரலாகாது என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணத் துணைவினையின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஒரு தொடரில் செயலின் பொருளைத் தருவது முதல்வினை. அதனோடு சேர்ந்து காலம், வினா, எதிர்மறை, ஆற்றல், கடமை முதலியவற்றைப் புலப்படுத்துவது துணைவினை. 'ஷி இஸ் சிங்கிங்' என்பதில் பாடுதலை உணர்த்தும் 'சிங்கிங்' முதல்வினை, 'இஸ்' துணைவினை. பீ, ஹேவ், டூ ஆகிய மூன்றும் இரு நிலையிலும் வரும். 'ஐ ஹேவ் எ புக்' என்றால் புத்தகம் என்னிடம் உள்ளது என்பது பொருள். 'ஐ ஹேவ் ரிட்டன்' என்னும்போதோ உடைமைப் பொருள் மறைந்து, எழுதி முடித்தமையே தோன்றுகிறது. கேன், மே, ஷல், வில், மஸ்ட் போன்றவை முதல்வினையைச் சார்ந்தே வரும். 'எஸ், ஐ கேன்' என்று விடையிறுக்கும்போதும் வினாவில் வந்த முதல்வினை உள்ளே தொக்கி நிற்கிறது.

துணை என்னும் பெயரைக் கண்டு இதனைச் சிறிதென எண்ணலாகாது. துணைவினை வரும் தொடரில் காலத்தை ஏற்பது முதலில் நிற்கும் துணைவினையே. வினாவில் எழுவாய்க்கு முன் செல்வதும், 'நாட்' என்னும் எதிர்மறைச் சொல்லைத் தாங்குவதும் அதுவே. 'டிட்' இறந்த காலத்தை ஏற்றுக்கொண்டமையால், 'கோ' தன் இயல்பான வடிவில் நிற்கிறது. 'டஸ் ஹி கோஸ்?' என்பது பிழையாதற்கும் காரணம் இதுவே.

நம் மொழியிலும் இத்தகைய அமைப்பு உண்டு. 'வந்துவிட்டான்' என்பதில் வருதலே செயல்; காலமும் பாலும் காட்டுவது 'விட்டான்'. அங்கே 'விடு' தன் பழம்பொருளை இழந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் துணைவினை முன் நிற்கும். தமிழில் பின் நிற்கும்.

ஆங்கிலத் துணைவினைகள் பலவும் இவ்வாறே பழம்பொருளை இழந்தவை. பழைய ஆங்கிலத்தில் 'வில்' விரும்புதலையும், 'ஷல்' கடன்பட்டிருத்தலையும், 'கேன்' அறிதலையும் குறித்தன. ஒன்றைச் செய்ய அறிந்தவன் அதனைச் செய்ய வல்லவன் ஆதலின், அறிவைக் குறித்த சொல் ஆற்றலைக் குறிக்கலாயிற்று. 'வில்' பெயர்ச்சொல்லாக வருமிடத்து விருப்பம் என்னும் பொருள் இன்றும் அழியவில்லை. தம் சொத்து தமக்குப்பின் யாரைச் சேர வேண்டும் என்னும் விருப்பத்தை ஒருவர் எழுதிவைக்கும் ஆவணத்திற்கும் அதுவே பெயர். அச்சொல்தான் தமிழில் 'உயில்' ஆயிற்று!

'டூ' வினாவுக்குத் துணையாய் வந்தது பிற்காலத்தில். முன்னர் முதல்வினையே எழுவாய்க்கு முன் சென்றது, 'நோ யூ?' என்று கேட்டனர். 'ஐ நோ நாட்' என்று மறுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் 'டூ' மிகுதியாகப் பரவத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் (1564–1616) நாடகங்களில் பழைய முறை, புதிய முறை இரண்டையும் காணலாம். 18ஆம் நூற்றாண்டிற்குள் புதிய முறை பெரிதும் நிலைபெற்றது. 'பீ' மட்டும் இதற்கு இணங்கவில்லை. 'ஆர் யூ எ டாக்டர்?' என்பதில் 'ஆர்' முதல்வினையே. எனினும் 'டூ'வின் உதவியை நாடாமல் அது தானே முன் செல்கிறது.