அச்சச் சுவையும் ஆள் துணையும்

துன்பத்தை விரும்பி ஏற்பார் எவருமில்லை. அச்சமும் துன்பங்களுள் ஒன்றே. ஆயினும் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, இருட்டறையில் அமர்ந்து, அஞ்சுவதற்கென்றே மக்கள் செல்வதுண்டு. பேய்ப்படங்கள் உலகெங்கும் நூறாண்டுக்கு மேலாக ஓடிவருவது இந்த விந்தையால்தான். இவ்விருப்பத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நால்வரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே பார்த்த படத்தை, நள்ளிரவில் தனியே இருந்து பார்க்கச் சொன்னால் முன்வருவோர் சிலரே. படம் அதேதான்; பார்ப்பவரும் அவரேதான். துணை மட்டுமே நீங்கியது. துணை நீங்கியதும் சுவையாக இருந்தது சுமையாக மாறுவது ஏன் என்பது ஆராயத்தக்கது.

மன்னார்த் தீவு போன்ற இடத்திலே இக்கேள்வி எளிதில் விளங்கும். தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகர்வரை மணலும் பனையும் நிறைந்த நிலம் அது. இரவில் காற்று எழுந்தால் பனைகளில் தொங்கும் காவோலைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும். ஒழுங்கையின் இருளில் அசையாமல் நிற்கும் உருவம், அருகே சென்று பார்த்தால் கழுதையாக இருக்கும். பகலில் இவை எவரையும் அச்சுறுத்தா. நால்வர் பேசிக்கொண்டு நடக்கும் இரவிலும் அச்சுறுத்தா. பேய்ப்படம் பார்த்துவிட்டுத் தனியே திரும்புவோனுக்கோ காவோலையின் சரசரப்பு பின்தொடரும் காலடியாகவே கேட்கும். காவோலையும் மாறவில்லை, கழுதையும் மாறவில்லை. கேட்பவனின் நிலையே மாறியது.

அச்சத்தைக் கலையின் பொருளாகக் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. இவற்றுள் அச்சம் பிறக்கும் வாயில்கள் நான்கு என்றும் அந்நூல் வகுத்துள்ளது. தாக்கி வருத்தும் தெய்வமும் பேயும் போன்றன ஒன்று, கொடிய விலங்கு மற்றொன்று, கள்வர் மூன்றாவது, தண்டிக்கவல்ல தலைவர் நான்காவது. இன்றைய அச்சப் படங்களை எடுத்து நோக்கினால், பெரும்பாலானவை இந்நான்கனுள் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடும். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் பசியால் வாடுகின்றன; போர்க்களத்திலே கூழ் சமைக்கின்றன; படிப்போரை நடுங்கவும் வைக்கின்றன, நகைக்கவும் வைக்கின்றன. அச்சமும் நகையும் அயல்வீட்டார் என்பதை அக்காலப் புலவர் அறிந்திருந்தனர்.

திரையில் தோன்றுவது வெறும் ஒளியும் நிழலுமே என்பது குழந்தைக்கும் தெரியும். அவ்வாறிருக்க உடல் நடுங்குவது எதனால்? அறிஞர் சார்ள்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதற்கு விடை தேடியிருக்கிறார். இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் நச்சுப்பாம்பு ஒன்றை அடைத்திருந்த தடித்த கண்ணாடியின்மேல் அவர் தம் முகத்தை வைத்தார். பாம்பு சீறிப் பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என உறுதி பூண்டார். பாம்பு பாய்ந்தது. உறுதி பறந்தது. அவர் வியக்கத்தக்க வேகத்தில் பின்னே குதித்துவிட்டார். கண்ணாடி காக்கும் என்பதை அறிவு அறிந்திருந்தது. அந்த அறிவுக்காக உடல் காத்திருக்கவில்லை.

மூளையின் உட்பகுதியில் பாதாம்பருப்பின் வடிவுடைய சிறு உறுப்பு ஒன்று இருக்கின்றது. அதனை அமிக்டலா என்பர். ஆபத்தின் அறிகுறி தென்பட்டால், அது மெய்யா பொய்யா என்று முழுதும் ஆராய்ந்து முடிவதற்கு முன்னரே அவ்வுறுப்பு உடலை எழுப்பிவிடும். அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கும். இதயம் விரைந்து துடிக்கும், மயிர் சிலிர்க்கும், உள்ளங்கை வியர்க்கும். உண்மைப் புலியைக் கண்டாலும் திரைப்புலியைக் கண்டாலும் இத்தொடக்கம் ஏறக்குறைய ஒன்றே. ஆராய்ந்து அமைதிப்படுத்தும் அறிவு சற்றுப் பின்னரே வந்து சேர்கின்றது.

இவ்விடத்திலே ஒலியின் ஆற்றலையும் கருதவேண்டும். வானொலி நேயர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடுவது அத்துணை எளிதன்று. அல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் அளித்த 'சைக்கோ' என்னும் படத்தின் பின்னணி இசையை பேர்னாட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்தார். அப்படத்தின் குளியலறைக் காட்சியை ஒலியின்றிப் பார்ப்போர்க்கு அதன் கொடுமையில் பாதியும் புலப்படாது. பேய்ப்படத்தில் கதவு திறப்பதைவிட, திறக்குமுன் அது எழுப்பும் முனகலே கூடுதலாக நடுங்கச் செய்வது.

இனித் துணையின் பங்கை நோக்குவோம். அரங்கிலே பேய் தோன்றியவுடன் பார்ப்பவர் செய்யும் முதற்செயல், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை நோக்குவது. அவரும் அஞ்சியிருக்கிறார், ஆயினும் எழுந்து ஓடவில்லை. ஆகவே ஆபத்தில்லை என்று உள்ளம் தெளிகின்றது. பின்வரிசையில் ஒருவர் அலறுகின்றார். அவ்வலறலைக் கேட்டு அரங்கமே சிரிக்கின்றது. தூண்டப்பட்ட உடற்கிளர்ச்சி அச்சம் தீர்ந்தவுடன் அடங்கிவிடுவதில்லை. அடுத்துவரும் ஆறுதலோடும் நகைப்போடும் சேர்ந்து அவற்றையும் மிகுவிக்கின்றது என்று உளநூலார் டோல்ஃப் சில்மன் விளக்கினார். எனவே அச்சப் படத்தின் இன்பம் அச்சத்தில் இல்லை. அச்சம் தீரும் கணத்தில் உள்ளது. அதனைத் தீர்த்துவைப்பதில் பெரும்பங்கு அருகிருப்பவருடையது. தனித்திருப்பவருக்கு நோக்க முகமில்லை. அலறினால் சிரிக்க ஆளில்லை. தூண்டப்பட்ட கிளர்ச்சிக்குப் போக்கிடமும் இல்லை.

மன்னார் மக்கள் இதனை ஏட்டறிவின்றியே அறிந்திருந்தனர். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகை மரபில் வளர்ந்த அப்பகுதிக் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் விடியவிடிய ஆடப்பட்டன. கொடுங்கோல் மன்னரும், கொலைத்தண்டனையும், வேதசாட்சிகளின் வதையும் அவற்றிலே இடம்பெறும். குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைத்துக்கொண்டு, விரலிடுக்கால் பார்ப்பர். ஊர் முழுதும் சுற்றியிருக்கும். கொடிய மன்னனாக வருபவர் அடுத்த வீட்டு மாமா என்பதும் தெரியும். அஞ்சிய குழந்தை அஞ்சியபடியே உறங்கிப்போகும். அச்சத்தை ஊரே பங்கிட்டுக்கொண்டது. ஒருவர்க்குக் கிடைத்த பங்கு தாங்கத்தக்க அளவினதாயிற்று.

தமிழ்த் திரைப்படமும் இவ்வழியே வந்தது. 1951இல் கே. ராம்நாத்தின் இயக்கத்தில், எம்.ஜி.ஆர். நடித்து வெளியான 'மர்மயோகி', வயதுவந்தோர்க்கு மட்டும் உரியது எனச் சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப்படமாகும். பேய் தோன்றும் காட்சிகளே அதற்குக் காரணம். கதையிலோ அது பேயன்று. இறந்தவரெனக் கருதப்பட்ட மன்னரே அவ்வாறு தோன்றுகின்றார். 1966இல் வந்த 'யார் நீ?' என்னும் படத்தில் ஜெயலலிதா மர்மப் பெண்ணாகத் தோன்றி அரங்குகளை உறையவைத்தார். அங்கும் பேயின் பின்னே இருந்தது மனிதச் சூழ்ச்சியே. முடிவில் திரை விலகி, பேய் பொய்யாகி, அரங்கம் பெருமூச்சு விடும். 2005இல் வெளியான 'சந்திரமுகி'யில் விடை உளநோய் மருத்துவத்தில் கிடைத்தது. 2011இல் வந்த 'காஞ்சனா'வின் பேய் மெய்ப்பேயே. ஆனால் அங்கே அலறலுக்கு இணையாகச் சிரிப்பும் எழுந்தது. கலிங்கத்துப்பரணியின் மரபு அற்றுப்போகவில்லை எனலாம்.

தனிமையின் வலிமையை வணிகரும் அறிவர். அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் காசில் 1958இல் 'மக்காப்ர்' என்ற படத்தை வெளியிட்டபோது, படம் பார்த்து அச்சத்தால் இறப்போர்க்கு 1,000 டொலர் காப்புறுதி என்று அறிவித்தார். 2008இல் இந்திய இயக்குநர் ராம்கோபால் வர்மா, தமது 'பூங்க்' என்ற இந்திப் படத்தை அரங்கில் தனியே அமர்ந்து பார்த்து முடிப்பவர்க்கு 5 லட்சம் ரூபா பரிசு என்றார். 2015இல் நயன்தாரா நடித்து வெளிவந்த 'மாயா' என்னும் தமிழ்ப்படத்தின் கதையிலேயே இத்தகைய பந்தயம் ஒன்று வருகின்றது. இவர்களுள் எவரும் நண்பரோடு வந்து பார்ப்பவர்க்குப் பரிசு தருவதாகக் கூறவில்லை. நண்பரோடு பார்ப்பதற்குப் பந்தயம் வேண்டுவதில்லை. அதற்கு மக்கள் காசு கொடுத்தே வருவர்.

படம் பார்க்கும் முறை மாறிவந்த வரலாற்றை இத்துணையின் வரலாறாகவும் கொள்ளலாம். தொடக்கத்தில் படமாளிகையில் நூற்றுக்கணக்கானோர் கூடினர். 1982இல் ரூபவாகினி தொடங்கியது. அப்பத்தாண்டிலே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் அலைகளும் பாக்கு நீரிணையைக் கடந்து வட இலங்கைக் கரையில் பிடிபட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் கடல். மின்சாரமில்லாத ஊர்களில் மின்பிறப்பாக்கியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள் பார்ப்பது வடபுலத்தில் வழக்கமாயிற்று. அரங்கு முற்றமாகச் சுருங்கியது. ஆயினும் அயலார் இருந்தனர். பின்னர் வீட்டுக்கொரு தொலைக்காட்சி வந்தது. 2009இல் வெளியான 'யாவரும் நலம்', பேய் வீட்டுத் தொலைக்காட்சித் தொடருக்குள்ளேயே புகுந்திருப்பதாகக் கதை சொன்னது. இன்று படம் கைத்தொலைபேசியில் அடங்கிவிட்டது. போர்வைக்குள், காதிலே செவிப்பொறிகளைச் செருகிக்கொண்டு, ஒருவர் மட்டும் பார்க்கின்றார். பலர் கூடிப் பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட அச்சம் முழுதும் ஒருவர்மேல் இறங்குகின்றது.

இதனால் எல்லோர்க்கும் தீங்கு வரும் என்பதில்லை. தீங்கு வரக்கூடியவர் சிலர் உளர். முதலாவது, சிறுவர். ஜோன் கான்ரர் முதலிய அமெரிக்க ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பல்கலைக்கழக மாணவருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர், சிறுவயதில் பார்த்த படத்தால் எழுந்த அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை என்றனர். ஐந்து வயதுக் குழந்தைக்கு, பேய் பொய் என்று சொல்வதைவிட அணைத்துக்கொள்வதே பயன்தரும். எட்டு, ஒன்பது வயதினர்க்கு விளக்கமும் உதவும்.

இரண்டாவது, மெய்யான அச்சத்தை வாழ்ந்து கடந்தவர். மன்னார்க் கரைக்கு இது மிகவும் பொருந்துவது. 1964 டிசம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயல் எதிர்க்கரையின் தனுஷ்கோடியை அழித்து, இக்கரையையும் தாக்கியது. 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் நடுவே எறிகணை விழுந்தது. 2009இல் போர் முடிந்தது. 2015இல் தலைமன்னாருக்குப் புகைவண்டி மீண்டும் ஓடியது. ஆனால் தண்டவாளத்தைச் செப்பனிடுவது போல உள்ளத்தைச் செப்பனிட முடிவதில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படும் காட்சி ஒருவர்க்குக் கதை, மற்றொருவர்க்கு நினைவு. திரையில் எழும் திடீர் வெடியோசை இளைஞனைத் துள்ளவைத்துச் சிரிக்கச் செய்யலாம். அதே அறையில் இருக்கும் அவன் தாயை அன்றிரவு முழுதும் உறங்கவிடாமலும் செய்யலாம். தீர்ந்துவிடும் என்ற உறுதி இருந்தால்தான் அச்சம் சுவையாகும். அவ்வுறுதியை வாழ்க்கை ஒருமுறை பறித்துவிட்டவர்க்கு அது எளிதில் மீள்வதில்லை.

ஆகவே, தனியே பேய்ப்படம் பார்க்க அஞ்சுபவரைக் கோழை என்று எள்ளுவது தகாது. இளைஞர் பந்தயம் கட்டி ஒருவரைத் தனியறையில் இருத்துவதும், கைத்தொலைபேசியில் திடுக்கிடவைக்கும் காட்சியைச் சொல்லாமல் அனுப்புவதும், விளையாட்டெனத் தோன்றினும் வினையாய் முடியக்கூடும். பார்க்க மறுப்பவர் தம் உள்ளத்தின் அளவை அறிந்தே மறுக்கின்றார். பார்க்க விரும்புவோர் விளக்கை முற்றாக அணைக்காமல், வீட்டாரோடோ நண்பரோடோ கூடிப் பார்ப்பது நன்று. படம் முடிந்தவுடன் எழுந்து பிரிந்துவிடாமல் சிறிது நேரம் அதைப்பற்றிப் பேசியிருப்பது அதனினும் நன்று. பேய் வந்த கதையைப் பேசிச் சிரித்து முடித்துவிட்டால், அது படுக்கையறைவரை பின்தொடர்ந்து வருவதில்லை. வீட்டுக்குத் தனிவழி செல்லவேண்டியவர் ஒருவர் இருந்தால், அவரோடு ஒழுங்கை முடியும்வரை நடந்து சென்று விட்டுவருவது மற்றவர்க்குப் பெரிய வேலையன்று.