நினைவக அட்டை இயக்கிகளில் காலவரம்பு மாறிலிகள்

நினைவக அட்டை இயக்கியில் காலவரம்பு மாறிலி என்பது, அட்டைக்கு ஒரு கட்டளையை அனுப்பிய பின் அதன் மறுமொழிக்காக இயக்கி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். அந்நேரம் கடந்தால், கட்டளை தோல்வியுற்றதாக இயக்கி அறிவிக்கும். வரம்பு மிகக் குறுகியதாயின் நல்ல அட்டையும் பழுதானதாகக் கருதப்பட்டு, எழுதப்படும் கோப்பு பாதியில் நின்றுபோகும். மிக நீண்டதாயின் பழுதான அட்டைக்காகக் கணினி வீணே காத்திருக்கும்.

== தாமதத்தின் காரணம் ==

பிளாஷ் நினைவகத்தில், ஏற்கெனவே எழுதிய இடத்தின்மீது நேரடியாக மீண்டும் எழுத இயலாது; ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பின்னரே எழுத முடியும். எனவே அட்டையினுள் இருக்கும் கட்டுப்படுத்தி அவ்வப்போது தேவையான தரவை வேறிடத்திற்கு நகர்த்திப் பழைய தொகுதிகளை அழிக்கிறது. இது எப்போது நிகழும் என்பதை இயக்கி முன்கூட்டியே அறியாது. அவ்வேளையில் அட்டை ஒரு தரவுத் தடத்தைத் தாழ்நிலையில் வைத்து, தான் வேலையில் இருப்பதை உணர்த்தும்.

== விதியும் நடைமுறையும் ==

அட்டையின் வழமையான அணுகு நேரம் அதன் சிஎஸ்டி பதிவகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் கருனி அதனை எம்எம்சி அட்டைகளுக்கு 10 ஆலும், எஸ்டி அட்டைகளுக்கு 100 ஆலும் பெருக்குகிறது. எஸ்டி அட்டைகளுக்கு உச்சவரம்பும் உண்டு: படிக்க 100 மில்லிநொடி. எழுத, விதித்தொகுப்பின்படி 250 மில்லிநொடி போதும். எஸ்டிஎக்ஸ்சி வகைக்கு 500. ஆனால் சந்தையில் உள்ள எல்லா அட்டைகளும் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. லினக்ஸ் இயக்கியில் 250 என்பது முதலில் 300 ஆக்கப்பட்டது. அதுவும் போதாமல் பின்னர் 3 நொடியாக உயர்த்தப்பட்டது. எஸ்பிஐ முறையில் எழுத 1 நொடி தரப்படுகிறது. அங்கு 900 மில்லிநொடி வரை தாமதித்த அட்டை காணப்பட்டதாக மூலநிரலின் குறிப்பே கூறுகிறது.

== அலகுக் குழப்பம் ==

அலகு குறிக்காத வெற்று எண்ணே மிகுந்த குழப்பத்திற்குக் காரணம். லினக்ஸ் கருனி நேரத்தை ஜிஃபி எனும் துடிப்புகளால் அளக்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது கருனியைத் தொகுக்கும்போது முடிவாகிறது. மாறிலியில் 250 என மட்டும் எழுதியிருந்தால், நொடிக்கு 1000 துடிப்புள்ள கணினியில் அது கால் நொடி. 100 துடிப்புள்ள கணினியில் இரண்டரை நொடி. ஒரே நிரல் ஒரு கணினியில் இயங்கி மற்றொன்றில் பிழை தருவது இவ்வாறே. ஆகவே மதிப்பை மில்லிநொடியில் எழுதி, பெயரின் இறுதியிலும் அந்த அலகைச் சேர்த்து, பயன்படுத்துமிடத்தில் துடிப்பாக மாற்றுவதே முறை.

அலகு தெளிவாக இருந்தும் பொருள் தெளிவில்லாத மாறிலிகளும் உண்டு. உட்பதிந்த எம்எம்சி அட்டைகளின் வெவ்வேறு பணிகளுக்கு லினக்ஸில் 10 நிமிடம் எனும் ஒரே பொதுவரம்பு இருந்தது. 2020 இல் இது பிரிக்கப்பட்டு, பின்னணிப் பராமரிப்புக்கு 120 நொடி, இடைமாற்று நினைவகத்தை வெளியேற்ற 30 நொடி எனத் தனித்தனி மாறிலிகள் தரப்பட்டன.

== வன்பொருள் எல்லை ==

எஸ்டிஎச்சிஐ தரத்திலான கட்டுப்படுத்திகளின் காலஎண்ணி அதிகபட்சம் 2^27 கடிகாரத் துடிப்புகள் வரை எண்ணும். கடிகாரம் 50 மெகாஹெர்ட்சு எனில் இது ஏறத்தாழ 2.7 நொடி. இயக்கி 3 நொடி கேட்டாலும் வன்பொருள் அதற்குமுன் பிழை அறிவித்துவிடும். இதனால் சில கட்டுப்படுத்திகளுக்கு வன்பொருள் அறிவிப்பை நிறுத்திவிட்டு, மென்பொருள் நேரங்காட்டியையே இயக்கி நம்புகிறது.