பூட்டு இலகுவாக இருந்தால்தான் வீடு பூட்டப்படும்

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த போது, எமது குடும்பங்கள் பல கையோடு கொண்டுவந்தவற்றுள் காணி உறுதியும் ஒன்று. அது கைதவறிப் போனவர்கள் பிறகு பட்ட அலைச்சலை நாம் அறிவோம்.

இன்று அதே உறுதியின் படம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வேலணையில் காணி, தகப்பன் வவுனியாவில், மகள் திருச்சியில், மகன் கனடாவில். காணியைத் துப்புரவாக்குவதா, குத்தகைக்குக் கொடுப்பதா என்று அவர்கள் கூடிப் பேசும் இடம் வட்ஸ்அப். உறுதியின் படம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் அதன் வழியே போய் வருகின்றன. அன்று றங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டோம். இன்று இதற்குப் பூட்டு எது?

பூட்டும் திறப்பும்

இதற்கான பூட்டு மென்பொருளாகவே இருக்கிறது. அது வேலை செய்யும் விதத்தை ஆமைப்பூட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நீங்கள் ஆமைப்பூட்டுகளைத் திறந்தபடியே உறவினர்களுக்குக் கொடுத்து வைக்கிறீர்கள். திறப்பு உங்களிடம் மாத்திரம் இருக்கிறது. அவர்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பூட்டை அமர்த்தி அனுப்புகிறார்கள். வழியில் எவர் கையில் அகப்பட்டாலும் திறக்க முடியாது. தொலைபேசிக்குள் இப்பூட்டும் திறப்பும் மிகப் பெரிய எண்களாக இருக்கின்றன.

இந்த வித்தை புதியதல்ல. 1991ஆம் ஆண்டிலேயே பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர், சாதாரண மக்களும் தம் கணனியில் பாவிக்கக்கூடிய பூட்டு மென்பொருள் ஒன்றை வெளியிட்டார். பீ.ஜீ.பீ என்பது அதன் பெயர். பூட்டு உறுதியானது. ஆனால் பாவிப்பது கடினம்.

எவ்வளவு கடினம் என்பதை 1999இல் அல்மா விட்டன், டக் டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மின்னஞ்சல் பாவித்துப் பழகிய 12 பேரிடம் அந்த மென்பொருளின் அப்போதைய பதிப்பைக் கொடுத்து, 90 நிமிட அவகாசமும் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரே சரியாகப் பூட்டி அனுப்பினார்கள். மூவரோ இரகசியத்தைப் பூட்டாமலே தவறுதலாக அனுப்பிவிட்டார்கள். குறை மக்களிடம் இல்லை, மென்பொருளைச் செய்த விதத்திலேயே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

1883இலேயே ஒகுஸ்ற் கேர்க்கோவ்ஸ் என்பவர் இராணுவ இரகசிய எழுத்துமுறைக்குச் சில விதிகளை வகுத்தார். பாவிப்பதற்கு இலகுவாக இருக்க வேண்டும், நீண்ட விதிகளை மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கடினமான பூட்டு ஈற்றில் பூட்டப்படாமலே கிடக்கும்.

தானாக விழும் பூட்டு

2016 ஏப்ரலில் வட்ஸ்அப் நிறுவனம் தன் செய்திகள் அனைத்துக்கும் இவ்வகைப் பூட்டைப் போட்டு முடித்தது. அப்போது அதைப் பாவித்தவர்கள் நூறு கோடிக்கு மேல். அவர்களில் எவரும் ஒன்றும் படிக்கவில்லை, ஒரு பொத்தானும் அழுத்தவில்லை. கதவைச் சாத்தியதும் பூட்டுத் தானாக விழுந்தது. நயினாதீவிலிருந்து பேசும் பாட்டிக்கும், லண்டனிலுள்ள பேரனுக்கும் கிடைத்தது ஒரே பூட்டுத்தான்.

ஆனாலும் வழியில்தான் இப்பூட்டுக் காவல் நிற்கிறது; இரு முனைகளிலும் அல்ல. படம் போய்ச் சேர்ந்த பின் அதைப் பெற்றவர் எவருக்கும் காட்டலாம். தொலைபேசி எடுத்து வைக்கும் சேமிப்புப் பிரதிக்கு இப்பூட்டுத் தானாக விழுவதில்லை. 2021 முதல் அதற்கும் பூட்டு உண்டு. ஆனால் நாமே அதை இயக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வட்ஸ்அப்பைப் புதிய தொலைபேசியில் பதியும்போது ஆறு இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். "அக்கா, தவறுதலாக உங்களுக்கு ஒரு நம்பர் வந்துவிட்டது, சொல்லுங்கோ" என்று ஒருவர் கேட்பார். சொன்னால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் கனடாவிலுள்ள மகனிடம் "அவசரம், காசு அனுப்பு" என்று செய்தி போகும். பூட்டை எவரும் உடைக்கவில்லை. திறப்பை நாமே கொடுத்தோம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: குறுஞ்செய்தியில் வரும் எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டாம். உங்கள் வங்கியும் அதைக் கேட்காது.

இரண்டு: வட்ஸ்அப்பின் அமைப்புகளில் உங்கள் கணக்குப் பகுதிக்குள் போய், இரண்டாவது பூட்டாக ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். கடைக்காரத் தம்பி தொலைபேசியை ஒழுங்குபடுத்தித் தந்திருந்தால், அவர் போட்ட கடவுச்சொல்லை வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள்.

மூன்று: காசு கேட்டுச் செய்தி வந்தால், பேசிக் குரலைக் கேட்ட பின்பே அனுப்புங்கள்.

நான்கு: உறுதியின் படத்தை ஊர்க் குழுக்களில் போடாமல், தேவையான ஒருவருக்கு மாத்திரம் அனுப்புங்கள். மூல உறுதியைப் பத்திரமாக வையுங்கள். படம் அதற்கு ஈடாகாது.

செய்பவர்களுக்கு ஒரு சொல்

மென்பொருள் படிக்கும் எமது பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் நின்று, படகும் வந்துவிட்ட நேரத்தில், ஆங்கிலத்தில் ஒரு கேள்வி திரையில் தோன்றினால் எவரும் வாசிக்கமாட்டார். "ஓம்" என்று அழுத்திவிட்டுப் படகில் ஏறிவிடுவார். ஆகவே கேள்விகளைக் குறையுங்கள். கேட்பதை எமது வீட்டுத் தமிழில் கேளுங்கள். ஒரு தொலைபேசியை மூவர் பாவிக்கும் வீடுகளும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பூட்டு முதலிலேயே பூட்டியிருக்கட்டும். திறக்க விரும்புபவர் திறக்கட்டும். செய்து முடித்ததும் உங்கள் அம்மாவிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் தடுமாறும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் நாம். மிஞ்சியதைக் காக்கும் பூட்டு, எழுத வாசிக்கத் தடுமாறும் கமக்காரருக்கும் கைவர வேண்டும். இந்த வாரம் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் தொலைபேசியை அவரோடு இருந்து எடுத்துப் பாருங்கள். இரண்டாவது பூட்டை அவர் கையாலேயே போட வையுங்கள்.