சொந்தமாகக் கட்டும் விமானத்தில் ஒடுக்கு விழுந்தால்... தட்டி எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

காரில் ஒடுக்கு விழுந்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். டிங்கரிங் கடைக்குப் போவோம். உள்ளேயிருந்து தட்டி, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் வண்டி புதுசு மாதிரி வந்துவிடும்.

இதே ஒடுக்கு விமானத்தின் இறக்கையில் விழுந்தால்? அதுவும் அந்த விமானத்தை உங்கள் வீட்டு கார் ஷெட்டில் நீங்களே கட்டிக்கொண்டிருந்தால்?

'வீட்டில் விமானமா?' என்று கேட்க வேண்டாம். அமெரிக்காவில் இது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், படிப்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ சொந்தமாகச் செய்திருந்தால், அந்த விமானத்தை 'அமெச்சூர் கட்டியது' என்ற தனிப் பிரிவில் பதிவு செய்ய அங்கே சட்டம் இடம் தருகிறது. இதற்கென்றே 1953-ல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் திருவிழாவே நடத்துகிறது. ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் 'ஆர்.வி.' கிட்களை வாங்கி மக்கள் கட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் மட்டும் 11,000-க்கும் மேல். பிரிட்டனில் வசிக்கும் ஆலப்புழைக்காரர் ஒருவர் ஊரடங்கு காலத்தில் நான்கு பேர் அமரும் விமானத்தைக் கட்டிக் குடும்பத்தோடு பறந்தது 2022-ல் நம் ஊர் வாட்ஸ்அப் வரை வந்ததே, அதுவும் இப்படி ஒரு கிட்தான்.

இந்த விமானங்களில் பெரும்பாலானவை அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட். ஒவ்வொன்றும் அடிக்கும்போது ஒடுக்கு விழ ஒரு வாய்ப்பு இருக்கிறது.

ஒரு நொடி வழுக்கல்

ரிவெட் அடிப்பது பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் காற்றழுத்தத்தில் இயங்கும் ரிவெட் கன்னைப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் ரிவெட்டின் வாலுக்கு எதிராகக் கனமான இரும்புக் கட்டியை அண்டக் கொடுப்பார். கன் படபடவென்று அடிக்க, வால் நசுங்கித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். கன்னின் முனை ஒரு நூல் வழுக்கினாலும் போச்சு. ரிவெட் தலைக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. கட்டுபவர்கள் இதற்கு 'ஸ்மைலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழுந்தவருக்கு மட்டும் சிரிப்பு வராது.

உள்ளே கட்டி பிடித்தவர் கொஞ்சம் அசந்தால், ரிவெட்டைச் சுற்றித் தகடே பள்ளமாக இறங்கும். இதெல்லாம் தப்பினாலும் கை தவறி விழுந்த ஸ்பேனர், ஷெட் கதவு, ஆலங்கட்டி மழை என்று வேறு வழிகளும் உண்டு.

தகடு எவ்வளவு மெல்லியது தெரியுமா? உங்கள் ஏ.டி.எம். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். ஆர்.வி. விமானங்களின் வால் பகுதியில் வரும் மெல்லிய தகடு அதில் ஏறக்குறைய பாதிதான், 0.4 மி.மீ. தடித்த இறக்கைத் தகடே ஒரு கார்டு அளவுக்குத்தான் இருக்கும்.

சும்மா போர்த்திய துணி அல்ல இந்தத் தகடு. பறக்கும்போது இறக்கையை முறுக்கும் விசையில் பெரும்பங்கைத் தாங்குவதே அதுதான். அதனால் ஒடுக்கைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது 'அசிங்கமா இருக்கா?' என்பதல்ல. எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, மடிப்பு விழுந்ததா, கீறல் இருக்கிறதா, ரிவெட் துளை வரை போயிருக்கிறதா? இந்த நான்கும்தான் முக்கியம்.

தட்டினால் சரியாகிவிடாதா?

முன்பெல்லாம் தெருவில் ஒடுக்கு எடுப்பவர் வருவார். சொட்டையான செம்பு அண்டாவைச் சூடுகாட்டி இளக்கி, தட்டித் தட்டி வட்டமாக்கிக் கொடுப்பார். விமானத் தகட்டில் இந்த வித்தை செல்லாது.

இந்தத் தகடு '2024 டி3' என்ற உலோகக் கலவை. அலுமினியத்தோடு நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் செம்பு. ஆலையில் ஏறக்குறைய 495 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு சாதாரண வெப்பநிலையில் ஊறவிட்டுத்தான் அந்த உறுதியைக் கொண்டுவருகிறார்கள். உங்கள் ஷெட்டில் கேஸ் டார்ச் காட்டினால் அத்தனையும் அந்த இடத்தில் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

சூடில்லாமல் தட்டலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒடுக்கு விழும்போதே அந்த இடத்தில் தகடு கொஞ்சம் விரிந்துவிடுகிறது. மேலும் தட்டினால் இன்னும் மெலிந்து இன்னும் விரியும், இறுகவும் செய்யும். சுற்றியிருக்கும் தகடு விரியாதபோது, இந்தக் கூடுதல் பரப்பு எங்கே போகும்? புடைத்துக்கொண்டு நிற்கும். பழைய மண்ணெண்ணெய் டின்னின் அடியை அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய், விட்டால் 'டொக்' என்று வெளியே வருமே, அப்படி ஆகிவிடும். ஒரு சின்னப் பள்ளத்தை எடுக்கப் போய் கையளவு டொக்-டொக் வாங்கிக்கொண்டவர்கள் நிறைய.

அதனால் அனுபவசாலிகள் முதலில் சொல்வது ஒன்றுதான்: கருவியைக் கீழே வை, லைட்டை அணை, போய்த் தூங்கு. மறுநாள் காலை பார்க்கும்போது பாதி ஒடுக்குகள் தொடவே தேவையில்லாதவை என்று தெரியும். கை அரிப்பை அடக்குவதுதான் கஷ்டம்.

தட்டியே ஆக வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் கை போகிற இடமாக இருக்க வேண்டும். உள்ளே வழவழப்பான இரும்புக் கட்டியைப் பள்ளத்தின் முதுகில் அழுத்திப் பிடித்து, வெளியே பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி மென்மையான சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டுவார்கள். நான்கு தட்டு, கொஞ்சம் நிறுத்திப் பார்ப்பது, மறுபடி நான்கு தட்டு. 'ஓரளவு சரி' என்ற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மடிப்பே விழாத அகலமான, ஆழமில்லாத ஒடுக்கை உறிஞ்சு கப் வைத்து இழுத்தால் சில நேரம் வந்துவிடும். கூர்மையாக மடிந்தது வராது.

ஒடுக்கைவிடக் கீறல் மோசம்

இங்கேதான் பலரின் கணக்கு தப்புகிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ஒடுக்கு. ஆனால் பயப்பட வேண்டியது அதன் விளிம்பில் இருக்கும் மெல்லிய கீறலுக்கு. விமானம் அதிர அதிர, அந்தக் கூர்மையான கோட்டின் அடியில் விசை குவிந்து, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள் என்பார்கள். நகம் தடுக்கினால் 400 எண் உப்புத்தாளில் தொடங்கி, இன்னும் நைசான தாள்களால் அந்தக் கோட்டின் கூர்மை போகும்வரை தேய்த்து, சுற்றிலும் சரிவாகக் கலந்துவிட வேண்டும். இரும்பு நார் மட்டும் கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தொடங்கிவைக்கும். (அளவு குறிக்கப் பென்சில்கூட வேண்டாம் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தருவதும் இதே பயத்தில்தான். பென்சிலின் கிராஃபைட்டும் அலுமினியத்துக்கு ஆகாது.)

தேய்த்ததோடு வேலை முடியவில்லை. செம்பு கலந்த இந்தத் தகடு எளிதில் அரிக்கும் என்பதால்தான் இரண்டு பக்கமும் சுத்தமான அலுமினியம் மெல்லிய படலமாகப் பூசப்பட்டு வருகிறது. ஒரு பக்கத்துக்குத் தடிமனில் ஏறக்குறைய 5 சதவீதம். 0.4 மி.மீ. தகட்டில் அது தலைமுடியைவிட மெல்லியது. நாலு இழுப்பு உப்புத்தாளில் காணாமல் போய்விடும். அதனால் தேய்த்த இடத்தில் பிரைமர் அடித்தே ஆக வேண்டும்.

கை போகாத இடம்

வால் பகுதியின் அசையும் பாகங்கள் எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி மாதிரி. உள்ளே கை விட வழியில்லை. அப்போது ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துத் தகட்டைத் திறக்க வேண்டும். ரிவெட் தலையின் நடுவில் தலை ஆழத்துக்கு மட்டும் துளைத்து, தலையை நெம்பி எடுத்து, தண்டைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். டிரில் ஒரு பக்கம் சாய்ந்தால் துளை முட்டை வடிவமாகிவிடும். பிறகு பெரிய ரிவெட் போடலாம். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பெரிய ரிவெட்டுக்கு அந்த இடம் மிஞ்சாமல் போகலாம். ஒரு ஒடுக்குக்காக இருபது துளையைப் பணயம் வைக்கிறோமா என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

'சரி, பட்டி பார்த்துவிட்டுப் போகலாமே?' அசையாத பகுதிகளில், கீறலும் விரிசலும் இல்லாத ஒடுக்கின் மேல் மெல்லியதாக எப்பாக்ஸி ஃபில்லர் பூசலாம், தப்பில்லை. அது அழகுக்கு மட்டும். பலம் ஒரு துளியும் சேராது.

அசையும் பாகங்களில் ஃபில்லர் வேறு கதை. கீலுக்குப் பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமும் எடைச் சமநிலையைக் கெடுக்கும். கெட்டால், வேகத்தில் அந்தப் பாகம் கொடி மாதிரிப் படபடத்து, சில நொடிகளில் பிய்ந்துபோகலாம். இந்தச் சமநிலைக்காகவே ஆர்.வி.-7 போன்றவற்றின் இறக்கை ஓர ஏலரான்களின் முன்விளிம்புக்குள் ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாயை வைத்துக் கட்டுகிறார்கள். அங்கே பட்டி பூசினாலும் பெயின்ட் அடித்தாலும் சமநிலையை மறுபடி சோதிக்க வேண்டும்.

மறைத்துவிட்டால் என்ன ஆகும்?

பெரிய விமானத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-ல் ஹாங்காங்கில் இறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்றின் வால் ஓடுபாதையில் உரசியது. கீறல் விழுந்த தோலின் மேல் கூடுதல் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். கீறல்கள் அடியிலேயே இருந்துவிட்டன. வெளியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. 22 வருடம் பறந்தது. 2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில் அந்தப் பகுதி கிழிந்து, விமானம் நடுவானில் சிதறியது. இருந்த 225 பேரும் இறந்தார்கள்.

உள்ளே காற்றழுத்தம் ஏற்றி இறக்கும் ஜெட்டின் தோலும் இரண்டு பேர் அமரும் குட்டி விமானத்தின் தோலும் ஒன்றல்லதான். ஆனால் கீறலை மூடிவிட்டு மறந்துவிடும் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றே. வீட்டு ஷெட்டில் இந்த ஆசைக்குத் தடையும் குறைவு. அமெரிக்க விதிப்படி இந்த வகை விமானத்தைப் பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை. கட்டியவரே சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆண்டுச் சோதனையையும் தானே செய்துகொள்ளலாம். மதிப்பெண் போடுபவரும் அவரே, பரீட்சை எழுதுபவரும் அவரே. பக்கத்து சீட்டில் உட்காரப்போவது பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ.

அதனால்தான் பல பேர் முடிவெடுக்கும் முன் இன்னொரு ஜோடிக் கண்களைக் கூப்பிடுகிறார்கள். எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனில் இதற்கென்றே தன்னார்வ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஷெட்டுக்கே வந்து பார்த்துச் சொல்வார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 'ஏசி 43.13-1பி' என்ற கையேட்டில் தகட்டுப் பழுதுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. ஒட்டுத்தகடு எப்படி வைப்பது, விரிசல் மேலும் ஓடாமல் நுனியில் துளையிடுவது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் மனம் ஒப்பவில்லையா? கிட் நிறுவனத்திடம் புதுத் தகடு மட்டும் தனியாக வாங்கலாம். கெட்டுப்போன பழைய தகட்டைப் பெரும்பாலும் யாரும் தூக்கிப்போடுவதில்லை. சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டு, அடுத்த வரிசை ரிவெட்டைத் தொடுவதற்கு முன் அதில் நாலு அடித்துக் கை பழகிக்கொள்கிறார்கள்.